காரோடு அணியின் ஒரே பந்து

வாலிபால் அணிக்கு மேனேஜராக இருப்பது, ஒரு பந்தைக்கூடத் தொடாமல் தோற்பதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை.

கல்யாணத்துக்கு ஐம்பது பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது நாற்பத்தொன்பது பேரோடு வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் கதை உங்களுக்கு உடனே விளங்கும். நீங்களும் நானும் ஒரே இனம். என்ன தப்பு நடந்தாலும் எல்லாரும் நம்மைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் சுற்றுவட்டத்தில் ஆறு ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு லீக் தொடங்கினார்கள். அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் வாலிபால் என்றால் திருவிழாவை ஒட்டி இரண்டு நாள் டோர்னமெண்ட், ஒரு கப், ஒரு சண்டை, அவ்வளவுதான். இது அப்படி இல்லை. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஆட்டம், ஒவ்வொரு அணிக்கும் பத்து ஆட்டம், ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம். கடைசியில் வருகிற அணி அடுத்த வருடம் கிடையாது. அந்த இடத்தைப் பிடிக்கப் பூவாறுக்காரர்கள் இப்போதே ஜெர்ஸி தைத்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரின் பெயர் காரோடு. முதல் சீசனில் காரோடு அணிக்கு மேனேஜர் நான்.

என்னை எடுத்த காரணம்

எங்கள் அணியின் முதலாளி செல்லையன், வாழைக்குலை வியாபாரி. நான் அப்போது ஒரு டுட்டோரியல் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பள்ளிக்கூட நாளில் பந்து என் பக்கம் வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஒருநாள் முதலாளி வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று, மைக் இல்லாமல் அறுபது பேரை நான் அடக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாராம். மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார். இரண்டு மடங்கு சம்பளம் என்றதும் நான் யோசிக்கவே இல்லை. வேலையை விட்ட மூன்றாம் நாள் என் இடத்தில் வேறொருவர் கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிட்டார். இனி அணி நிலைத்தால்தான் நானும் நிலைப்பேன்.

எனக்கு விளையாட்டே தெரியாது என்பதை மறைக்க மனம் வரவில்லை. முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அதுக்குத்தான் உன்னை எடுத்தது, மக்கா. களி தெரிஞ்சவன் மேனேஜரானா ரெண்டாம் செட்டிலே வேட்டியை மடிச்சுக் கெட்டிட்டு உள்ளே எறங்கிருவான். நீ எறங்க மாட்டே, எனக்கு அது மதி."

நெத்திலி

கடையில் விற்கிற நெட்டெல்லாம் ஏமாற்று வேலை என்பது முதலாளியின் தீர்மானம். கடலோரத்தில் வலை முடைகிற ஒரு பெரியவரிடம் அளவைச் சொல்லிப் புதிதாக ஒன்று முடைந்து வாங்கினார். அருமையான வேலைப்பாடு, இழுத்துக் கட்டினால் கம்பிபோல் நின்றது. ஒரே ஒரு சங்கடம். கண்ணிகள் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு நெருக்கமாக இருந்ததால், எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. முதல் பயிற்சியில் எங்கள் ஆட்கள் எட்டி எட்டிக் குதித்தது பந்தை அடிக்க அல்ல, எட்டிப் பார்க்க. நான் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே மனசு விட்டுப்போயிற்று. "இதுக்கு ஊடே பந்து போகப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய? பந்து என்ன பந்து, நெத்திலி போவுதான்னு பாருங்க."

வெள்ளை ஜெர்ஸி

எங்கள் அணிக்குத் தனி வண்டி கிடையாது. முதலாளியின் குலை லாரிதான். காலையில் ஏத்தன் வாழைக்குலைகளை இறக்கிவிட்டு, மத்தியானம் எங்களை ஏற்றிக்கொள்ளும். வாழைக்கறை துணியில் பட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடம் குலை விற்ற முதலாளிக்கும் தெரியும். தெரிந்தும் எங்களுக்குத் தூய வெள்ளை ஜெர்ஸி எடுத்துக் கொடுத்தார். வெள்ளைதான் அழகு, அதில் பேச்சே இல்லை என்றார்.

முதல் ஆட்டம் காட்டாக்கடையில். லாரியில் இருந்து இறங்கியபோது பத்துப் பேர் ஜெர்ஸியிலும் பத்து விதமான கறுப்புக் கோலம். ஸ்மாஷ் அடிக்கிற ஜஸ்டஸின் தோளில் ஒரு கொக்கு பறந்தது. பந்தை எடுத்துக் கொடுக்கிற லிஃப்டர் மணியனின் வயிற்றில் கேரள வரைபடமே இருந்தது. நான் வெட்கத்தில் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்று செட்டும் தோற்றோம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "களி போனா போட்டும். டிசைன் கொள்ளாம் கேட்டியா, ஒருத்தனுக்கு உள்ளது இன்னொருத்தனுக்கு இல்லை!"

கையை நீட்டு

லீக் முழுவதற்கும் ரெஃபரி ஒரே ஒருவர், பாஸ்கரன் சார். ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். ஆறு அணியிலும் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் அவரிடம் அடி வாங்கியவர்கள். இதனால் என்ன ஆபத்து என்று பாறசாலை ஆட்டத்தில்தான் தெரிந்தது. கோட்டில் விழுந்த பந்தை சார் வெளியே என்று சொல்ல, மணியன் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனான். முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைக்குத் தகப்பன். சார் தாம் உட்கார்ந்திருந்த ஏணியில் இருந்து இறங்கி வந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "கையை நீட்டு" என்றார்.

மணியன் நீட்டிவிட்டான். யோசித்து நீட்டவில்லை, கை தானாகவே போய்விட்டது. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதைவிட வேடிக்கை, எதிரணி கேப்டனும் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டியதுதான். அவனும் சாரின் மாணவன். அந்த நாட்களில் ஒருவனுக்கு அடி விழுந்தால் கூட நின்றவனுக்கும் விழும், அந்தப் பழக்கம். சாரிடம் பிரம்பு இல்லை. விசிலைப் பார்த்தார், இரண்டு கைகளையும் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணிமேல் ஏறி உட்கார்ந்தார். "ஹோம்வர்க்கும் கொண்டு வந்திருப்பியளே ரெண்டுபேரும்? போங்கலே, போய்க் களியுங்க."

இரண்டு பக்கமும் வாசிப்பவர்

ஜஸ்டஸ் இல்லாமல் எங்கள் அணி இல்லை. ஆறேகால் அடி. மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தவன், எங்களுக்காக அதை விட்டுவிட்டு வந்தான். லீக் கைவிட்டால் பம்பாய்க்குப் போய்விடுவதாகச் சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்திருந்தான். வீட்டில் அவனும் அம்மா ஏசுவடியாளும் மட்டும்தான். பம்பாய் விஷயத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

ஏசுவடியாள் அம்மாவுக்கு ஒரு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டுமென்றால் காலையில் ஆராதனைக்கு முழுசாக வரவேண்டும், பாதியில் எழுந்து போகக்கூடாது. மகன்மேல் நம்பிக்கை இல்லாததால் பொறுப்புக்கு என்னையும் கூட உட்காரச் சொன்னார். அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற குடும்பத்துப் பிள்ளையான நான், அந்த சீசன் முழுவதும் ஞாயிறுதோறும் பழைய மிஷன் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் வாரம் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்து, கையில் கொடுத்த புத்தகத்தை விரித்து, உருக்கமாக வாயை அசைத்தேன். நன்றாகச் சமாளித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். வெளியே வரும்போது அம்மா என் தோளைத் தட்டினார். "சுகுமாரா, நீ புஸ்தகத்தைத் தலைகீழாக்கும் பிடிச்சிருந்தே. போட்டும், கர்த்தர் ரெண்டு பக்கம் இருந்தும் வாசிப்பாரு."

பூசணிக்காய்க்குப் பக்கத்தில்

ஒன்பது ஆட்டம் முடிந்தபோது நாங்களும் திருப்புறமும் சமமாகக் கடைசியில் நின்றோம். பத்தாவது ஆட்டம் எங்கள் இருவருக்கும் நடுவில், எங்கள் மைதானத்தில், ஞாயிறு நான்கு மணிக்கு. ஜெயித்தவர் லீக்கில், தோற்றவர் வீட்டில். இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சிலர் காற்றுக் குறைந்த பந்தோடு வந்ததால், பாஸ்கரன் சார் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பந்தைச் சோதித்து அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சொந்த ஊர் ஆட்டம் அந்தப் பந்தில்தான் நடக்கவேண்டும். பந்து இல்லையென்றால் ஆடாமலே தோல்வி. எங்கள் பந்து ஜஸ்டஸின் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. சபையார் எல்லாரும் தோட்டத்தில் விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அத்தனையும் ஏலம். நான் கடைசி பெஞ்சில் இருந்து மரச்சீனிக் கிழங்கையும் தேங்காயையும் கால் கட்டின கோழிகளையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பூசணிக்காய்க்குப் பக்கத்தில், காம்பில் பால் வடிகிற ஒரு பலாச் சக்கையின்மேல் சாய்ந்தபடி, சாரின் கையெழுத்தோடு எங்கள் பந்து இருந்தது. எனக்குப் பக்கத்தில் ஜஸ்டஸும் அப்போதுதான் பார்த்தான். ஆறேகால் அடி ஆள் பெஞ்சில் மூன்றடியாகச் சுருங்கிவிட்டான்.

ஆராதனை முடிந்ததும் ஓடிப்போய் ஏசுவடியாள் அம்மாவைப் பிடித்தேன். ஏனம்மா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என்னை விவரமில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கோழி முதல்லே இட்ட முட்டை, மாமரத்திலே முதல்லே பழுத்த பழம், எல்லாம் கர்த்தருக்காக்கும். எனக்க மவன் களிச்சுச் சம்பளம் வாங்கினது இந்த வருசமாக்கும். அவனுக்க விளைச்சல் பின்னே எது, நீயே சொல்லு?"

ஏலம்

போதகரிடம் ஓடினேன். படைத்ததைத் திருப்பித் தர வழியில்லை, ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். பரவாயில்லை, சர்ச் ஏலத்தில் வாலிபால் கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று தெம்பாகப் போய் முன்னால் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து ஒரு கொத்தனார் கேட்டார். அவருக்கு மேலே ஒரு டீச்சர் கேட்டார். டீச்சருக்கு மேலே, வருடாவருடம் குலை எடுக்க வருகிற எங்கள் செல்லையன் முதலாளி கேட்டார். ஏலம் எகிறிக்கொண்டே போனது, நான் எப்போதோ கீழே நின்றுவிட்டேன். பிறகுதான் விஷயம் விளங்கியது. கொத்தனார் பந்தை எடுத்து எங்கள் அணிக்கு அன்பளிப்பாகக் கொடுக்க நினைத்திருக்கிறார். டீச்சரும் அப்படியே. ஆளுக்கு ஒரு மூலையில் நின்றுகொண்டு, எங்களைக் காப்பாற்றுவதற்காக ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன். சர்ச் ஏலத்தை நிறுத்தச் சொல்லக்கூடாது என்று செயலாளர் என்னைக் கடிந்துகொண்டார். மணி மூன்று. இப்படியே போனால் நான்கு மணிக்குள் ஏலம் முடியாது.

வேறு வழி தெரியாமல் சத்தியத்தை மீறினேன். பந்து வராவிட்டால் அணி போய்விடும், அணி போனால் உங்கள் மகன் பம்பாய்க்குப் போய்விடுவான் என்று ஏசுவடியாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். ஜஸ்டஸ் தரையைப் பார்த்தான். பிறகு அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்று, சர்ச் மதிலில் எதிரொலிக்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தார். "எனக்க சினை ஆடு!"

செயலாளர் திணறிப்போனார். முதலாளி சொன்ன தொகை பெரியதா, சினை ஆடு பெரியதா என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அம்மா பந்தை வாங்கியதும் எவரோ ஒரு பக்தர், அதை மறுபடியும் காணிக்கையாகப் போட்டால் இன்னொரு தரம் ஏலம் விடலாமே என்று உற்சாகமாகச் சொன்னார். அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. அம்மா ஒரு நிமிடம் அதை உண்மையாகவே யோசித்தார். பிறகு பந்தை முந்தானையில் சுற்றிக்கொண்டார். "கர்த்தருக்கு உள்ளது குடுத்தாச்சு. இது எனக்க ஆட்டுக்குக் கிட்டினதாக்கும், தர மாட்டேன்."

எண்ணெய்க் கை

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பந்து மைதானத்துக்கு வந்தது. காலை முழுவதும் சக்கைப் பாலில் ஊறியதால் தொட்டால் விரலோடு ஒட்டியது. பாஸ்கரன் சார் நகத்தால் பிசினைச் சுரண்டித் தன் கையெழுத்தைப் பார்த்து, "ஒப்பு எனக்கதுதான், மணம் எனக்கது இல்லை" என்று சொல்லி அனுமதித்துவிட்டார். சக்கை வெட்டத் தெரிந்த ஊரில் பிசினுக்கு மருந்து சொல்லவா வேண்டும்? இரண்டு அணியும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டது. சாரும் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை வாலிபால் என்று சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கியது, எண்ணெய் காய்ந்த இடத்தில் ஒட்டியது. சர்வீஸ் போட்டால் பின்பக்கம் போனது. திருப்புறத்து ஆட்டக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்ச்சில் இருந்து ஏலம் எடுத்த கோழியும் குலையுமாக ஊரே நேராக மைதானத்துக்கு வந்திருந்தது.

ஐந்தாவது செட், பதினாலு பதிமூன்று, எங்களுக்கு ஒரு பாயிண்ட் வேண்டும். மணியன் லிஃப்ட் கொடுக்கக் கையை உயர்த்தினான். பந்து அவன் விரலில் ஒட்டிக்கொண்டு, கண் சிமிட்டும் நேரம் இறங்க மறுத்தது. தெளிவான ஃபவுல். சார் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார், எண்ணெய்க் கையில் இருந்து விசில் வழுக்கிக் கீழே விழுந்தது. அதற்குள் ஜஸ்டஸ் எழும்பி, ஒரு வருடக் கவலையையும் சேர்த்து ஓங்கி அடித்தான். பந்து உள்ளே விழுந்து, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. திருப்புறத்துக்காரர்கள் சாரைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இரண்டு முறை ஒட்டி சார் கவனிக்காமல் விட்டிருந்ததால், வாயைத் திறக்கவும் தயக்கம். அப்போது மணியன், யாரும் சொல்லாமலே, ஏணிக்கு அடியில் போய்த் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டினான். சார் இறங்கி வந்து தன் கையையும் அதற்குப் பக்கத்தில் நீட்டினார். "ஒட்டவிட்டது நீ, விசிலை விட்டது நான். விசில் அடிக்காத்த ஃபவுல் ஃபவுல் இல்லைலே. பாயிண்ட் காரோடுக்கு."

பந்துக்காரி

மைதானத்தில் கோழிகள் பறந்தன. முதலாளி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு அன்றுதான் ஒரு பயன் கிடைத்தது. நான் அந்த உயரத்தில் இருந்து வெட்கமில்லாமல் அழுதேன். எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தபோது ஏசுவடியாள் அம்மா அமைதியாகக் கோர்ட்டுக்குள் நடந்துபோய், ஒட்டிக்கிடந்த பந்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு அந்தச் சினை ஆடு ஏலத்துக்கு வந்தது. முதலாளியே எடுத்து, கொண்டுபோய் அந்த அம்மாவின் வீட்டில் கட்டினார். அம்மா ஆட்டை வாங்கிக்கொண்டார், பந்தைத் தரவில்லை.

இரண்டாவது சீசன் பயிற்சி தொடங்குகிற அன்று நானும் முதலாளியும் பணிவாக அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றோம். ஜஸ்டஸ் உள்ளே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான், எங்களைப் பார்த்துச் சிரித்தானே தவிர உதவிக்கு வரவில்லை. அம்மா பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவரே கொண்டுவருவார், முடிந்ததும் அவரே கொண்டுபோவார் என்றார். முதலாளி தலையாட்டினார். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். "எனக்க மவன் இஞ்சயே நிக்கணும்னா பந்து வேணும். பந்து வேணும்னா ஞாயித்துக்கிழமை நீ கடைசி பெஞ்சிலே வேணும், கேட்டியா சுகுமாரா?"

மூன்று சீசன் மேனேஜராக இருந்தும் வாலிபாலைப் பற்றி நான் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை, பாட்டுப் புத்தகத்தை மட்டும் நேராகப் பிடிக்கப் பழகிவிட்டேன்.